பகலில் படுத்தவள்

ஜேசாங்குக்கு எல்லா வேலையும் தெரியும், பகலில் படுக்க மட்டும் தெரியாது. மாடு கறப்பாள், மக்காச்சோளக் காட்டில் களை எடுப்பாள், கோடாலி பிடித்து விறகு பிளப்பாள், இருபது லிட்டர் தண்ணீர் கேனை முதுகில் கட்டிக்கொண்டு மேடேறுவாள். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே, பொழுது விடிகிற நேரத்தில், செம்மண் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருப்பாள். வந்ததும் ஓட்டக் காலணியைக் கழற்றி வாசற்படியில் தட்டி வைப்பாள், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போய்விடுவாள். ஒரு காலணியிலிருந்து இன்னொரு காலணிக்கு மாறுகிற நேரம்தான் அவள் கால்களுக்குக் கிடைத்த ஓய்வு.

அவள் பெயருக்கே வீட்டுக்கு வெளியே பிறந்தவள் என்றுதான் பொருள். சந்தைக்குப் போகிற வழியில் அவளைப் பெற்ற அம்மா, அன்றைக்கே குழந்தையும் சுமையுமாக நடந்து வீடு திரும்பினாள் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கெரியோ பள்ளத்தாக்குக்கு மேலே, மலை விளிம்பில் இருக்கும் அந்த ஊர்களில் ஓடாத வீடு குறைவு. ஈட்டன் ஊர்ப் பக்கத்து ஓட்டப் பயிற்சி முகாம்களில் இருக்கும் ஆண்கள் காலையில் ஓடுவார்கள், டீ குடிப்பார்கள், பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு எழுந்து சாப்பிடுவார்கள், சாப்பிட்ட களைப்பு தீர மறுபடி படுப்பார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வீடும் மாடும் உள்ள ஒரு பெண் பகலில் படுத்தால் கதையே வேறு. அவளுக்குப் பிரசவம் ஆகியிருக்க வேண்டும், இல்லை காய்ச்சல் கண்டிருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் செத்துப்போயிருக்க வேண்டும். நான்காவது காரணம் ஒன்று இருப்பதாக ஊர் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த நான்காவது காரணத்தைச் சொன்னவள் பிரிஸ்கா. ஜேசாங்கோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது பதினோரு பெண்களுக்கு ஓட்டம் பழக்குகிறவள். அவர்கள் ஓட, பக்கத்திலேயே மோட்டார் சைக்கிளில் வந்தபடி திட்டுவாள். எல்டொரெட் நகரத்தில் நடக்கப்போகும் அரை மராத்தானுக்கு அந்தப் பதினோரு பேரில் ஆறு பேரைத்தான் அவள் கூட்டிப்போக முடியும். அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

ஜேசாங்குக்கு வயது முப்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்பு நன்றாக ஓடியவள். மகள் ஜேபெட் பிறந்த பிறகு ஓட்டம் நின்றுபோய், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி காலணியைத் தேடி எடுத்தவள். அவளுக்குக் கோப்பை எல்லாம் வேண்டியிருக்கவில்லை. நெஞ்சில் எண் குத்திக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, ஒரே ஒரு முறை முழு மூச்சாக ஓடிப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் அந்த இடத்தைச் சின்னப் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் செவ்வாய்க்கிழமை பறக்கிற கால், வியாழக்கிழமை கல்லாகிவிடும். அந்த வியாழக்கிழமையும் எட்டாவது கிலோமீட்டர் வரை முன்னால் ஓடினவள், பதினாலாவதில் கடைசி ஆளாக வந்து சாலையோரம் குனிந்து நின்றாள். பிரிஸ்கா வண்டியை நிறுத்தினாள்.

"செவ்வாக்கிழமை ஓடிட்டுப் போய் என்னடி பண்ணின?"

"கறந்தேன். துணி தொவைச்சேன். மேக்காட்டுல களை எடுத்தேன்."

"படுத்தது எப்ப?"

"ராத்திரிதான்."

"ராத்திரி கழுதைகூடத்தான் படுக்குது. ஓடி முடிச்சு எப்பப் படுத்தன்னு கேட்டேன்."

"ஓடி முடிச்சு எதுக்குப் படுக்கணும்? எனக்கு என்ன நோவா?"

பிரிஸ்கா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினால் பேச்சு நீளும் என்று பதினோரு பேருக்கும் தெரியும். "கேட்டுக்க. ஓடும்போது ஒடம்பு வலுக்கறதில்ல, கிழியுது. படுக்கும்போதுதான் அது தைச்சுக்குது. நீ தெனமும் கிழிச்சுக்கிட்டே இருக்க, ஒரு நாளும் தைக்க விடல. செவ்வா, வியாழன், சனி, மூணு நாளும் ஓடி முடிச்சதும் ரெண்டு மணி நேரம். காலைத் தூக்கிச் சொவத்துல வெச்சு, கண்ணை மூடிப் படு."

"என் மாட்டை நீ வந்து கறப்பியா?"

"புருஷன்னு ஒருத்தன் இருக்கானா இல்லியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. உன் எடத்துக்கு இருபது வயசுக்காரி ரெண்டு பேரு நிக்கறாங்க."

ஜேசாங்கின் புருஷன் கிபிவோட் நல்லவன்தான். அக்கம்பக்கத்துப் பாலையெல்லாம் கேன்களில் ஏற்றி, மோட்டார் சைக்கிளில் பால் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவான். விஷயத்தைச் சொன்னதும் அவன் யோசிக்கவே இல்லை.

"மாடுதானே? நான் பாத்துக்கறேன். நீ படு."

"அவ்வளவு லேசாச் சொல்றீங்க."

"படுக்கறதுல என்ன கஷ்டம்? கட்டில் வாங்கி ஏழு வருஷமாச்சு. அதுவும் கொஞ்சம் வேலை பாக்கட்டும்."

சனிக்கிழமை இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தாள். வாளித் தண்ணீரில் கால்களை முழங்கால் வரை விட்டுக் குளிர்ந்து விறைக்கும்வரை நின்றாள், பால் டீ இரண்டு கோப்பை குடித்தாள், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்றாள். பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து, கால்களைச் சுவரில் ஏற்றினாள். வெளியே கோழி கொக்கரித்தது. எங்கோ யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். திருடிவிட்டு ஒளிந்திருப்பவள்போல அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கால்மணி நேரம் கழித்துத்தான் கண் செருகியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கோபிலோ, வாங்கிப்போன சல்லடையைத் திருப்பித்தர வந்தாள். கோபிலோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் ரகசியம் பேசினாலும் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கேட்கும். பட்டப்பகலில் கதவு தாழ் போட்டிருந்ததைப் பார்த்தே அவளுக்குத் திக்கென்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஜேசாங்கின் கால்கள் சுவரில் நின்றன, கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. கோபிலோ சல்லடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்திருந்தால் பிரிஸ்கா அவளையும் எல்டொரெட்டுக்குக் கூட்டிப்போயிருப்பாள்.

அரைமணி நேரத்தில், ஜன்னல் வழியாகக் கைவிட்டுத் தாழைத் திறந்துகொண்டு, ஏழு பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பதால் ஏழு பேர் கையிலும் புளித்த பால் குடுவை. ஒருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஒருத்தி ஜெபம் செய்தாள், ஒருத்தி சுவரில் ஏறியிருந்த கால்களைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தாள்.

"ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிப்போச்சு, பாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஓடினேன், அதான் படுத்தேன்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெனமும்தான் ஓடற. தெனமுமா படுக்கற?" என்றாள் கோபிலோ. "எங்ககிட்ட எதுக்கு மறைக்கற, ஜேபெட் அம்மா?"

ஜெபம் இன்னும் கொஞ்சம் நீண்டது. வீடு தேடி வந்தவர்களை டீ கொடுக்காமல் அனுப்புவது அந்த மலையில் நடக்காத காரியம். ஆகவே நோயாளி எழுந்து சமையல் குடிசைக்குப் போய், அடுப்பு மூட்டி, ஏழு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து, ஏழு கோப்பையும் கழுவி வைத்தாள். போகும்போது அவர்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. "இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு. எழுந்து நாலு வேலை செஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிபிவோட் வேலி வாசலிலேயே நின்றுகொண்டான். கோபிலோ வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"அவ நல்லாத்தான் இருக்கா, அக்கா. ஓய்வு எடுக்கறா."

"ஓய்வா? எதுலேருந்து?"

"ஓட்டத்துலேருந்து."

"எனக்கே காது குத்தறியா?" என்று சொல்லிவிட்டுக் கோபிலோ திரும்பிப் போனாள். கிபிவோட் எதையோ மறைக்கிறான், வியாதி பெரிசு என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. இந்த முறை பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவன் கைகளை விரித்துத் தடுத்துப் பார்த்தான். பால் குடுவையோடு வருகிற பெண்களை எந்த ஆண்பிள்ளையால் தடுக்க முடியும்? பன்னிரண்டு பேரும் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

ஜேசாங்குக்கு அழுகை முட்டியது. உடம்பு முழுதும் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தது, தொடை இரண்டும் கனத்துக் கிடந்தன, பன்னிரண்டு பேருக்கு எத்தனை தம்ளர் பால் வேண்டும் என்று வாய் தானாகக் கணக்குப் போட்டது. அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். அதைக் கதவருகிலிருந்து கிபிவோட் பார்த்தான்.

"நீ எழுந்திரிக்காத," என்றான். சொல்லிவிட்டு முற்றத்தைக் கடந்து, குனிந்து, சமையல் குடிசைக்குள் போனான்.

அந்த ஊரில் மனைவி உள்ள ஆண் சமையல் குடிசைக்குள் போவதில்லை. பசித்தால் வாசலில் நின்று குரல் கொடுப்பான். அவ்வளவுதான். கிபிவோட்டின் அப்பா கடைசிவரை தன் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரியாமலேயே வாழ்ந்து முடித்தவர். சிறிது நேரத்தில் குடிசைக் கூரையிலிருந்து புகை கிளம்பியது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. கோபிலோ எழுந்து போய்க் குடிசை வாசலில் தலையை நீட்டினாள்.

"அடியே, எல்லாரும் இங்க வாங்க. கிபிவோட் அடுப்பு ஊதறான்."

நோயாளியை அம்போவென்று விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரும் ஓடினார்கள். உள்ளே கிபிவோட் கண்ணில் தண்ணீர் வழிய, ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பால் பொங்கி அடுப்பில் பாதி போனது. மீதிப் பாதியில் டீத்தூளை மாட்டுக்குத் தவிடு அள்ளுவதுபோல அள்ளிப் போட்டான். சர்க்கரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை போட்டான். பன்னிரண்டு பேரையும் முற்றத்து மரத்தடியில் உட்காரவைத்துக் கோப்பை கோப்பையாக நீட்டினான்.

கோபிலோ ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "இது டீயா, கன்னுக்குட்டிக்குப் பூச்சி மருந்தா?"

"கன்னுக்குட்டிக்குன்னா சர்க்கரை இவ்வளவு போட மாட்டேன், அக்கா."

"ஸ்பூன் விட்டா நட்டுக்கிட்டு நிக்கும் போலிருக்கே."

"நின்னா நல்லதுதானே, புடிச்சுக்கிட்டுக் குடிக்கலாம்."

சிரிப்பு முற்றத்தை நிறைத்தது. ஒருத்தி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. கட்டிலில் கிடந்த ஜேசாங்குக்கு முதலில் மானம் போனது. புருஷனை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டுக் கால் நீட்டிக் கிடக்கிறாளே என்று நாளைக்கு ஊர் பேசும். எழுந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள்.

எழுந்தபோது மணி ஒன்று. வீடு அமைதியாக இருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. காலைத் தரையில் வைத்தாள். காலையில் அவள் கொண்டுவந்து போட்ட கால்கள் அல்ல அவை. முழங்காலை மடக்கி நீட்டினாள், நுனிக்காலில் நின்றாள், யாரும் பார்க்காததால் இரண்டு முறை குதித்தும் பார்த்தாள். எங்கும் வலிக்கவில்லை. நல்ல பசி எடுத்தது. கிபிவோட் எடுத்துவைத்திருந்த, தூள் கூடிக் கறுத்துப்போன டீயின் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தனியாக நின்று சிரித்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள் கால் கல்லாகவில்லை. சனிக்கிழமையும் ஆகவில்லை. பெண்கள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர்கள் இப்போது கட்டிலைத் தேடி வரவில்லை, கிபிவோட்டின் டீயைப் பார்க்க வந்தார்கள். பால் கொதித்த பிறகுதான் தூள் என்று ஒருத்தி வாசலில் நின்று அதட்டுவாள், விறகை இப்படித் திருப்பு என்று இன்னொருத்தி. பால் நிலையத்தில் அவன் வயதுக்காரர்கள் அவனைப் பிய்த்து எடுத்தார்கள். "டீக்கடை எப்படா தொறக்கற?" என்று ஒருவன் கேட்டான். "பாவாடை வாங்கித் தரட்டுமா?" என்றான் இன்னொருவன். ஒரு வியாழக்கிழமை அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் குடிசைப் பக்கமே போகாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜேசாங் எழுந்து ரப்பர் பூட்ஸை எடுத்தாள்.

அதைப் பார்த்ததும் அவன் துணியைக் கீழே போட்டான். "வை அதை. நாளைக்கு அவனுங்க ஓடப் போறதில்ல, நீதான் ஓடப் போற" என்று சொல்லிவிட்டு விறகெடுக்கப் போனான். ஐந்தாவது வாரத்தில் அவன் டீ குடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. கோபிலோவே இரண்டாவது கோப்பை கேட்டாள்.

கடைசிச் சோதனை பள்ளத்தாக்கு ஏற்றம். விடியும்முன் பதினோரு பேரையும் பிக்கப் வண்டியில் ஏற்றி, கெரியோவின் அடிவாரத்தில் இறக்கிவிட்டாள் பிரிஸ்கா. அங்கிருந்து மலை விளிம்புவரை இருபத்தோரு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். முதலில் வருகிற ஆறு பேர் எல்டொரெட்டுக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு.

கீழே அந்த நேரத்திலேயே வெக்கையாக இருந்தது. ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. ஐந்து கிலோமீட்டர்வரை எல்லாரும் ஒன்றாக ஓடினார்கள். பத்தாவதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஜேசாங் ஏழாவதாக இருந்தாள். வளைவுக்கு வளைவு சாலை செங்குத்தானது, மூச்சு நெஞ்சில் நிற்காமல் தொண்டையிலேயே திரும்பியது. பதினைந்தாவதிலும் ஏழுதான். முன்னால் போகிற இருபது வயதுக்காரியின் பின்னங்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் கால் கல்லாகும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவு போனது, கல் வரவில்லை. வராது என்று தெரிந்த அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பதினெட்டாவதில் அந்தப் பெண்ணைத் தாண்டினாள். கடைசி வளைவில் இன்னொருத்தியைத் தாண்டினாள்.

மேலே வந்து புல்லில் விழுந்தாள். வானம் மேலும் கீழும் ஆடியது. பிரிஸ்கா குனிந்து ஒரு கையை மட்டும் அவள் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். ஐந்து விரல்.

"அஞ்சா?"

"அஞ்சுதான். எழுந்து டீயைக் குடி. மூஞ்சியெல்லாம் உப்பு, பாக்கச் சகிக்கல."

ஆறாவதாக வந்த பெண் பக்கத்தில் வந்து விழுந்தாள். இருவர் தொடைகளும் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர்களுக்குச் சிரிப்பும் நிற்கவில்லை. கீழே அவர்கள் ஏறிவந்த சாலை சிவப்பாக வளைந்து வளைந்து கிடந்தது. இவ்வளவும் நானா ஏறினேன் என்று ஜேசாங் ஒவ்வொரு வளைவாகப் பார்த்தாள். அவித்த கிழங்கும் சூடான பால் டீயும் உள்ளே போகப் போக, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கிபிவோட் இன்னும் திரும்பியிருக்கவில்லை. மரத்தடியில் கோபிலோ மட்டும் பால் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள்.

"டீக்காரன் எங்க?"

"பால் நிலையத்துல இன்னிக்குக் கூட்டமா இருக்கும். அக்கா, நான் அஞ்சாவதா வந்தேன்."

கோபிலோ எழுந்து அவளை இறுக்கக் கட்டிக்கொண்டாள். பிடித்து உட்காரவைத்து, குடுவையைத் திறந்து, உட்புறம் பூசிய சாம்பல் மணக்கிற புளித்த பாலைக் கோப்பை வழிய ஊற்றினாள். ஜேசாங் குடித்து முடித்து, வீட்டுக்குள் வெக்கையாக இருந்ததால் முற்றத்திலேயே பாயை விரித்து, கால்களைச் சுவரில் ஏற்றினாள். இப்போது யார் பார்த்தால் என்ன. கோபிலோ பாயருகே வந்து குனிந்தாள்.

"எப்படிடி இருக்கும்?"

"எது?"

"பகல்ல படுத்துக் கெடக்கறது." அவள் குரல் அன்றைக்கு வேலியைக்கூடத் தாண்டவில்லை. "அஞ்சு பெத்தேன். அஞ்சுக்கும் நாலாம் நாளே மம்பட்டி புடிச்சேன். காய்ச்சல் வந்தப்பகூட உக்காந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் பாத்ததே இல்ல."

ஜேசாங் நகர்ந்து பாயில் இடம்விட்டாள். "வாக்கா."

"நான் ஓடலையே."

"ஓடலன்னு யாரு சொன்னா? வந்து படு."

கோபிலோ தெருவைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், பிறகு செருப்போடேயே பாயில் மல்லாந்தாள். பாவாடையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, வெடிப்பு விழுந்த கனத்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரில் வைத்தாள். கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தாள்.

"யாராச்சும் வந்தா என்னடி சொல்றது?"

"நான் பாத்துக்கறேன்."

"மேகம் எவ்வளவு வெள்ளையா இருக்கு" என்றாள் கோபிலோ. அடுத்து அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள், பாதியிலேயே அது குறட்டையாக மாறியது. சாதாரணக் குறட்டை இல்லை. மரத்திலிருந்து கோழி இறங்கி ஓடியது.

அந்தச் சத்தத்தில் ஜேசாங்குக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. கோபிலோவின் ஒரு கால் சுவரிலிருந்து வழுக்கி, ஜேசாங்கின் கால்மேல் கனமாக விழுந்து அப்படியே கிடந்தது. அதை அவள் நகர்த்தவில்லை. வேலிக்கு வெளியே யாரோ குடுவையோடு வந்து நின்றார்கள். ஜேசாங் படுத்தபடியே வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கோபிலோவின் தொழுவத்தில் பசு இரண்டு முறை கத்தியது. அதன் பாட்டுக்கு அது கத்தட்டும் என்று இரண்டு பேரும் கிடந்தார்கள்.